மூளைக்குள் நுழையாமலே மூளையைத் தாக்கும் மலேரியா

மலேரியா பற்றித் தமிழில் நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை நுளம்போடு (தமிழகத்தில் கொசு) தொடங்கி நுளம்பு வலையோடு முடிந்துவிடுகின்றன. அவையும் தேவையானவைதான். ஆனால் நுளம்பு கடித்துவிட்டுப் பறந்துபோன பிறகு மனித உடலுக்குள் என்ன நடக்கிறது? பலருக்கு நாலைந்து நாள் காய்ச்சலோடு போகும் நோய், சிலருக்கு மட்டும் மயக்கமாகவும் மரணமாகவும் முடிவது ஏன்? இந்தக் கேள்விகளை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வைத்தியன் அல்லன். ஐரோப்பிய நகரம் ஒன்றின் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் குருதி மாதிரிகளை நுண்நோக்கியில் பார்ப்பது என் தொழில். வன்னியில் வளர்ந்தவன் என்பதால் மலேரியா எனக்குப் புத்தகத்தில் மட்டும் அறிமுகமான நோய் அல்ல. குளோரோகுவின் மாத்திரையின் கசப்பு எங்கள் தலைமுறையில் அங்கு எல்லோர் நாக்கிலும் இருந்தது. தொழிலும் ஊரும் சேர்ந்துதான் இந்த நோயைப் பற்றி வாசிக்கத் தூண்டின.

சொல்ல வருவதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளை மலேரியாவில் ஒட்டுண்ணி மூளைத் திசுவுக்குள் நுழைவதில்லை. அது குருதிக் குழாய்க்குள்ளேயே நிற்கிறது. அழிவு நடக்கும் இடம் குழாயின் சுவர். அந்தச் சுவரைக் குலைப்பதில் ஒட்டுண்ணிக்கு மட்டுமல்ல, நம்மைக் காக்க எழும் எதிர்ப்புச் சக்திக்கும் பங்கு உண்டு. அதனால்தான் ஒட்டுண்ணியைக் கொன்ற பிறகும் சில நோயாளிகள் இறக்கிறார்கள். அதனால்தான் இந்த நோய்க்கு நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்ட சில மருந்துகள் தீங்கில் முடிந்தன.

நோயின் அளவு

மனிதரைத் தொற்றும் மலேரியா ஒட்டுண்ணிகளில் ஐந்து இனங்கள் முக்கியமானவை. அவற்றுள் உயிருக்கு மிகவும் ஆபத்தானது பிளாஸ்மோடியம் பல்சிபாரம். தமிழகத்தில் அதிகம் காணப்படும் வைவக்ஸ் இனம் ஆளை வாட்டி எடுக்கும். ஆனால் மூளை மலேரியாவுக்குப் பெரும்பாலும் காரணமாவது பல்சிபாரமே.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். இறப்புகளில் சுமார் 95 சதவீதம் ஆபிரிக்கப் பிராந்தியத்தில் நிகழ்ந்தவை. அங்கு இறந்தவர்களில் நால்வரில் மூவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

குருதியில் பல்சிபாரம் இருக்க, வேறு காரணம் எதுவும் இல்லாமல் நோயாளி நினைவிழந்து கிடந்தால் அதனை மூளை மலேரியா என்கிறார்கள். காலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை மாலையில் வலிப்போடு மயங்கி விழுவது அபூர்வமல்ல. நல்ல சிகிச்சை கிடைத்தாலும் இவ்வாறு மயங்கிய குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இறந்துவிடுகிறது.

கண்ணாடித் தகட்டில் காணாத பாதி

மலேரியா சந்தேகம் உள்ள ஒருவரின் குருதியை எங்களிடம் அனுப்பினால், ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, கீம்சா என்னும் சாயம் ஏற்றி, நுண்நோக்கியின் கீழே வைத்துப் பார்ப்போம். செங்குழியங்களுக்குள் சிறிய மோதிரங்கள்போல் ஒட்டுண்ணிகள் தெரியும். மெல்லிய நீல வளையம், அதன் ஓரத்தில் சிவந்த ஒரு புள்ளி. இது ஒட்டுண்ணியின் இளம்பருவம்.

பல்சிபாரம் ஒரு செங்குழியத்துக்குள் புகுந்து, வளர்ந்து, பல குஞ்சுகளாகப் பிரிந்து, அந்தக் குழியத்தை உடைத்துக்கொண்டு வெளியேற ஏறத்தாழ 48 மணி நேரம் எடுக்கும். அப்படியானால் தகட்டில் இளையவை, நடுவயதினர், முதிர்ந்தவை எல்லாம் கலந்து தெரியவேண்டும். வைவக்ஸ் நோயாளியின் குருதியில் அப்படித்தான் தெரியும். பல்சிபாரத்தில் பெரும்பாலும் மோதிரங்கள் மட்டுமே தெரியும். முதிர்ந்தவை எங்கே போயின?

இதற்கு விடை 1890களிலேயே கிடைத்துவிட்டது. பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவரான் 1880இல் அல்ஜீரியாவில் முதன்முதலாக இந்த ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் பின்னர் ரோம் நகரில் மார்க்கியாபாவா, பிஞ்ஞாமி என்ற இரு நோயியல் வல்லுநர்கள் மலேரியாவால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார்கள். மூளையின் நுண்குழாய்கள் எங்கும், முதிர்ந்த ஒட்டுண்ணிகளைச் சுமந்த செங்குழியங்கள் வரிசையாக அடைந்து கிடந்தன. விரலில் ஊசி குத்தி எடுக்கும் குருதியில் காணாமல் போனவை அங்கே இருந்தன.

இதன் நடைமுறை விளைவு முக்கியமானது. தகட்டில் நாங்கள் எண்ணிச் சொல்லும் தொகை, உடலில் உள்ள மொத்த ஒட்டுண்ணிகளின் தொகை அல்ல. எண்ணிக்கை குறைவாக இருக்கும் ஒரு நோயாளியின் உள்ளுறுப்புகளில் கோடிக்கணக்கில் ஒட்டுண்ணிகள் ஒளிந்திருக்கலாம். முதலாவது பரிசோதனையில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேர இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் பார்க்கவேண்டும் என்று விதி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒட்டிக்கொள்ளும் தந்திரம்

ஒட்டுண்ணி ஏன் ஒளிய வேண்டும்? நமது மண்ணீரல் ஒரு வடிகட்டி. வளைந்து கொடுக்காத, விறைத்துப்போன செங்குழியங்களைப் பிடித்து அழிப்பது அதன் வேலை. ஒட்டுண்ணி முதிர முதிர அதைச் சுமக்கும் குழியமும் விறைத்துப்போகிறது. மண்ணீரல் வழியாகப் போனால் பிடிபட்டுவிடும். எனவே சுற்றோட்டத்திலிருந்து விலகி, நுண்குழாய்ச் சுவர் ஒன்றைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது.

பற்றிக்கொள்வதற்கான கொக்கியை ஒட்டுண்ணியே தயாரிக்கிறது. செங்குழியத்தின் மேற்பரப்பில் நுண்ணிய முடிச்சுகள் எழும்புகின்றன. அவற்றின் மேல் பிஎஃப்-ஈஎம்பி1 என்று அழைக்கப்படும் புரதத்தை நிறுத்துகிறது. இந்தப் புரதத்துக்கான வார் மரபணுக்கள் 1995இல் அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொரு ஒட்டுண்ணியிடமும் இவ்வகை மரபணுக்கள் ஏறத்தாழ 60 உள்ளன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். நமது உடல் அந்தக் கொக்கியை அடையாளம் கண்டு பிறபொருளெதிரிகளைத் தயாரித்து முடிக்கும்போது, ஒட்டுண்ணிக் கூட்டம் வேறொரு கொக்கிக்கு மாறிவிடுகிறது. நாடகக் கொட்டகையில் ஒரே நடிகர் அறுபது வேடங்களை வைத்துக்கொண்டு, காவல்காரன் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் முன்பே வேடம் மாற்றுவதுபோல.

எல்லாக் கொக்கிகளும் எல்லாச் சுவர்களிலும் ஒட்டுவதில்லை. சில தோலடியிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள குழாய்களில் ஒட்டும்; அதனால் பெரிய கேடில்லை. சில கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடியில் ஒட்டும். சில மூளையின் குழாய்களில் ஒட்டும். கடும் மலேரியா கண்ட குழந்தைகளின் ஒட்டுண்ணிகள் ஈபிசிஆர் என்ற ஏற்பியைப் பற்றுகின்றன என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. குழாய்ச் சுவரில் உள்ள ஐகாம்-1 என்ற இன்னொரு புரதத்தையும் அதே நேரத்தில் பற்றக்கூடிய கொக்கிகள் மூளை மலேரியாவோடு தொடர்புள்ளவை என்று 2017இல் தெரியவந்தது.

இந்த இடத்தில் மரபியலின் பழைய உதாரணம் ஒன்றையும் நினைவுகூரலாம். அரிவாள் வடிவச் செங்குழிய மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியா வருவது குறைவு என்று கிழக்கு ஆபிரிக்காவில் செய்த ஆய்விலிருந்து அலிசன் 1954இல் எழுதினார். அப்படிப்பட்டவர்களின் செங்குழியங்களில் இந்தக் கொக்கிப் புரதம் சரியாக நிறுத்தப்படுவதில்லை, எனவே ஒட்டும் வலு குறைகிறது என்பது அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. காரணங்களில் அதுவும் ஒன்று.

சுவரின் கதை

நுண்குழாய் என்றதும் நாம் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்கிறோம். அது சரியான ஒப்புமை அல்ல. குழாயின் உட்புறத்தை ஓடு பதித்தாற்போல் மூடியிருக்கும் அகவணிக் கலங்கள் உயிருள்ளவை. குருதி உறையலாமா கூடாதா, வெண்குழியங்களை நிறுத்தவேண்டுமா போகவிடவேண்டுமா, குழாய் விரியவேண்டுமா சுருங்கவேண்டுமா என்பதையெல்லாம் அவை கணத்துக்குக் கணம் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றன. மூளையில் இக்கலங்கள் ஒன்றோடொன்று இறுகத் தைக்கப்பட்டிருக்கின்றன. தேவையானவற்றைத் தவிர வேறெதையும் உள்ளே விடாத இந்த அமைப்பைக் குருதி-மூளைத் தடுப்பு என்பார்கள்.

முன்னே சொன்ன ஈபிசிஆர் இந்தச் சுவரின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது. புரதம்-சி என்னும் பொருள் இதன் மேல் அமர்ந்துதான் செயலூக்கம் பெறுகிறது. அவ்வாறு ஊக்கம் பெற்ற புரதம்-சி குருதி உறைவதைத் தடுக்கும், அழற்சியைத் தணிக்கும், தையல்களை இறுக்கும். மூன்று வேலைகளையும் ஒருசேரப் பார்க்கும் காவலாளி. ஒட்டுண்ணியின் கொக்கி சரியாக அந்தக் காவலாளியின் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. மூளையில் இந்த நாற்காலிகள் இயல்பிலேயே குறைவு. மலாவி நாட்டுக் குழந்தைகளில் 2013இல் செய்யப்பட்ட ஆய்வில், ஒட்டுண்ணி ஒட்டிய இடங்களில் ஈபிசிஆரும் அதன் துணைப் புரதமும் குறைந்துபோயிருந்ததும், அங்கே குருதி உறைந்திருந்ததும் தெரிந்தது.

அடுத்தது நைட்ரிக் ஒக்சைட். குழாயை விரியவைப்பதும், சுவரை வழுவழுப்பாக வைத்திருப்பதும் இந்த எளிய வாயுவின் பணி. செங்குழியங்கள் உடையும்போது வெளியே சிந்தும் ஹீமோகுளோபின் இதனை உறிஞ்சிவிடுகிறது. இதனைத் தயாரிக்கத் தேவையான ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் கடும் மலேரியாவில் குறைந்துபோகிறது. நைட்ரிக் ஒக்சைட் குறைந்ததும் அகவணிக் கலங்கள் தம்முள் சேமித்து வைத்திருந்த ஆஞ்சியோபொயட்டின்-2 போன்ற பொருட்களை வெளியே கொட்டுகின்றன. அவை தையல்களைத் தளர்த்துகின்றன. சுவரில் மேலும் பசைத்தன்மையை உண்டாக்குகின்றன. மேலும் குழியங்கள் ஒட்டுகின்றன. இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

இறந்த குழந்தைகளின் மூளையை வெட்டிப் பார்த்தால் இந்தச் சேதம் கண்ணுக்கே தெரியும். வெண்பகுதியில் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் அடைபட்ட ஒரு நுண்குழாய். அதைச் சுற்றி வளையமாகக் கசிந்த குருதி. ஒட்டுண்ணி குழாய்க்குள்ளேயே இருந்தும், சுவர் உடைந்ததால் அழிவு வெளியே பரவுகிறது.

காவலர்களின் பங்கு

இனி நம்முடைய எதிர்ப்புச் சக்திக்கு வருவோம். செங்குழியங்கள் ஒரே நேரத்தில் வெடிக்கும்போது ஒட்டுண்ணியின் கழிவுகள் குருதியில் கலக்கின்றன. வெண்குழியங்கள் அவற்றை உணர்ந்து சைட்டோகைன்கள் என்னும் இரசாயனத் தூதுகளை அனுப்புகின்றன. நடுக்கமும் காய்ச்சலும் இவற்றின் விளைவே. இத்தூதுகளுள் டிஎன்எஃப் முக்கியமானது. இது ஒட்டுண்ணியை ஒழிக்க உதவுகிறது. அதே வேளையில் குழாய்ச் சுவரில் ஐகாம்-1ஐ அதிகரிக்கச் செய்கிறது. அதாவது ஒட்டுண்ணி பற்றிக்கொள்ளும் கைப்பிடிகளை நமது காவலரே கூட்டிக்கொடுக்கிறார்கள்.

1987இல் ஜெனீவாவில் கிரோவும் சகாக்களும் எலிகளில் மூளை மலேரியாவை உண்டாக்கி, டிஎன்எஃப்பை முடக்கும் பிறபொருளெதிரியைக் கொடுத்தார்கள். எலிகள் தப்பின. 1989இல் மலாவிக் குழந்தைகளில் பார்த்தபோது, குருதியில் டிஎன்எஃப் மிகுந்திருந்தவர்களே அதிகம் இறந்தார்கள். கதை முடிந்தது, குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்றே பலரும் எண்ணினார்கள்.

எலிகளில் வேறொரு குற்றவாளியும் அகப்பட்டான். சிடி8 வகை டி-கலங்கள். நோய்பட்ட கலங்களைத் தேடிக் கொல்வதே இவற்றின் தொழில். எலியின் மூளைக் குழாய்ச் சுவர் ஒட்டுண்ணியின் துணுக்குகளை விழுங்கித் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. அதைக் காணும் சிடி8 கலங்கள் சுவரையே பகைவனாகக் கருதித் தாக்குகின்றன. இக்கலங்களை நீக்கிவிட்டால் எலி இறப்பதில்லை.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா என்பது நெடுங்காலம் நீடித்த வாதம். மனித மூளையில் ஒட்டுண்ணி சுமந்த செங்குழியங்கள் நிறைந்து கிடக்கும். எலியின் மூளையில் அவை குறைவு, வெண்குழியங்களே மிகுதி. இரண்டும் ஒரே நோய்தானா என்று 2010இல் சில மூத்த மலேரியா ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார்கள். 2020இல், மலாவியில் இறந்த குழந்தைகளின் மூளைத் திசுக்களை மீண்டும் ஆராய்ந்தவர்கள், குழாய்ச் சுவரை ஒட்டிச் சிடி8 கலங்கள் இருப்பதைக் கண்டார்கள். எச்ஐவி தொற்றும் இருந்த குழந்தைகளில் அவை இன்னும் அதிகம். எனவே எலி முற்றிலும் பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்லவில்லை.

பிளாண்டயரில் கண்டவை

இந்த நோயைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுள் கணிசமான பகுதி ஒரே ஊரிலிருந்து வந்தது. தென்கிழக்கு ஆபிரிக்காவில் உள்ள மலாவியின் பிளாண்டயர் நகரம், அங்குள்ள குவீன் எலிசபெத் மத்திய மருத்துவமனை. மால்கம் மொலினியூ, டெரி டெய்லர் ஆகிய மருத்துவர்களும் மலாவிச் சகாக்களும் பல பத்தாண்டுகள் அங்கே உழைத்தார்கள். பேசத் தெரியாத சிறு குழந்தையின் மயக்கத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோலுக்கு, 1989 முதல் பிளாண்டயர் மயக்க அளவு என்றே பெயர்.

2004இல் அவர்கள் வெளியிட்ட பிரேதப் பரிசோதனை முடிவுகள் மருத்துவ உலகைத் திகைக்கவைத்தன. மூளை மலேரியாவால் இறந்ததாக எண்ணப்பட்ட 31 குழந்தைகளில் 7 பேரின் மூளையில் ஒட்டுண்ணி அடைசல் இல்லை. அவர்கள் வேறு காரணங்களால் இறந்திருந்தார்கள். மலேரியா மலிந்த ஊரில் ஆரோக்கியமான குழந்தையின் குருதியில்கூட ஒட்டுண்ணி இருக்கும். ஆகவே ஒட்டுண்ணி இருக்கிறது, மயக்கமும் இருக்கிறது என்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

உண்மையான மூளை மலேரியாவைப் பிரித்தறிய உதவிய ஒரே அடையாளம் கண்ணில் இருந்தது. விழித்திரை, மூளையின் ஒரு நீட்சிதான். அதன் நுண்குழாய்களை ஒரு சிறு கருவியால் நேரடியாகப் பார்க்கலாம். மூளை மலேரியாவில் விழித்திரையில் வெண்திட்டுகள் தோன்றும்; குழாய்கள் நிறம் மாறும்; நடுவில் வெண்மை கொண்ட குருதிக் கசிவுகள் தெரியும். மூளைக்குள் நடப்பதைக் கண்ணின் சாளரம் வழியே பார்த்துவிட முடிகிறது.

பின்னர் அந்த மருத்துவமனைக்கு எம்ஆர்ஐ கருவி வந்தது. 2015இல் வெளியான ஆய்வில் 168 குழந்தைகளின் மூளைப் படங்கள் இருந்தன. அவர்களில் 25 பேர் இறந்தார்கள். அந்த 25 பேரில் 21 பேருக்கு, மருத்துவமனைக்கு வந்தபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்த 143 பேரில் அப்படி வீங்கியிருந்தவர்கள் 39 பேர். வீங்கிய மூளை மண்டையோட்டுக்குள் இடமின்றிக் கீழே அழுத்துகிறது. சுவாசத்தை நடத்தும் மூளைத்தண்டு நசுங்குகிறது. குழந்தையின் மூச்சு நிற்கிறது.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் இருந்தது. பிழைத்த குழந்தைகளைத் தொடர்ந்து படம் எடுத்தபோது வீக்கம் தானாகவே வடிந்தது தெரிந்தது. அப்படியானால் அந்த ஆபத்தான நேரத்தைக் கடக்க உதவினால் போதும் அல்லவா? ஆனால் செயற்கைச் சுவாசம் கொடுக்கும் வசதி, இந்நோய் மிகுந்த ஊர்களின் பெரும்பாலான மருத்துவமனைகளில் இல்லை.

பெரியவர்களின் கதை சற்று வேறுபட்டது. இந்தியாவின் ஒடிசா மாநிலத்து ரூர்கேலாவில் செய்த எம்ஆர்ஐ ஆய்வுகளில், இறந்த பெரியவர்களிடம் இத்தகைய பெருவீக்கத்தைவிட ஒக்சிசன் கிடைக்காத சேதமே மேலோங்கித் தெரிந்தது. ஒரே ஒட்டுண்ணி, ஒரே சுவர். வயதுக்கேற்ப முடிவு வேறாகிறது.

நல்லெண்ணத்தால் நேர்ந்த தீங்குகள்

இந்தப் பகுதியைத்தான் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

மூளை வீக்கத்துக்கும் அழற்சிக்கும் ஸ்டெரொயிட் கொடுப்பது பழைய வழக்கம். 1982இல் தாய்லாந்தில் மயங்கிய நிலையில் இருந்த 100 நோயாளிகளிடம் டெக்சாமெத்தசோனை முறையாகப் பரிசோதித்தார்கள். மருந்து பெற்றவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. மாறாக, அவர்களின் மயக்கம் நீடித்தது. நிமோனியாவும் குடலில் குருதிக் கசிவும் அதிகரித்தன.

எலிகளைக் காப்பாற்றிய டிஎன்எஃப் எதிர்ப்பு மருந்தைக் காம்பியாவில் 610 குழந்தைகளிடம் சோதித்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு குறையவில்லை. பிழைத்தவர்களில் நரம்புக் குறைபாடுகளோடு வீடு திரும்பியோர், மருந்து பெறாதவர்களைவிட மூன்று மடங்காக இருந்தனர்.

கென்யாவின் கிலிபியில் வலிப்பைத் தடுக்கப் பினோபார்பிடோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் முடிவு வந்தது. வலிப்பு குறைந்தது. ஆனால் இறப்பு இரட்டிப்பானது: ஒரு பக்கம் 14, மறுபக்கம் 30. வீக்கத்தை வடிக்கும் மானிட்டோல் உகண்டாக் குழந்தைகளுக்கு உதவவில்லை. இந்தியப் பெரியவர்களில் மயக்கத்தை நீட்டியது.

இந்த ஆய்வுகளைச் செய்தவர்கள் எவரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். நோயின் ஒவ்வொரு கண்ணியும் மற்றொன்றோடு பிணைந்திருக்கிறது என்பதையே இவை காட்டுகின்றன. எதிர்ப்புச் சக்தி சுவரைச் சேதப்படுத்துகிறது என்பது உண்மை. அதே எதிர்ப்புச் சக்திதான் ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் உண்மை. நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேரும்போது, தூதுகள் போய்ச் சேர்ந்து, சுவர் இடிந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் தூதுவனின் வாயைப் பொத்துவதால் இடிந்த சுவர் எழும்பாது. இன்று ஆய்வுகள் சுவரைப் பழுதுபார்ப்பதை நோக்கித் திரும்பியிருப்பதற்கு இந்த அனுபவமே காரணம்.

உண்மையாகவே உயிரைக் காத்தது ஒட்டுண்ணியை விரைந்து கொல்லும் மருந்து. சீனத்தின் து யூயூ 1970களில் பழைய மூலிகை நூல்களின் துணையோடு பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினினின் வழிவந்தது ஆர்ட்டிசுனேட். து யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். குயினைனோடு ஒப்பிட்டபோது ஆர்ட்டிசுனேட் ஊசி ஆசியாவில் (2005) இறப்புகளை 35 சதவீதமும், ஆபிரிக்கக் குழந்தைகளில் (2010) 22.5 சதவீதமும் குறைத்தது. இதன் சிறப்பு, தகட்டில் நாங்கள் காணும் இளம் மோதிரங்களையும் கொல்வது. அவை முதிர்ந்து சுவரில் ஒட்டும் முன்பே தீர்த்துக்கட்டுகிறது. ஏற்கெனவே ஒட்டிவிட்டவற்றின் சேதத்தை அதனால் திருப்ப முடியாது. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமாகிறது.

பிழைத்தவர்கள்

இறப்பு எண்ணிக்கையோடு கணக்கை முடித்துவிட முடியாது. பிளாண்டயரில் மூளை மலேரியாவிலிருந்து மீண்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வலிப்பு நோயோ, நடத்தைக் கோளாறோ, வேறு நரம்புக் குறைபாடோ இருந்தது. உகண்டாவில் நால்வரில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் சிந்தனைத் திறன் குன்றியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் பாடம் ஏறாமல் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் கதை, அவளது மூன்றாம் வயதில் நான்கு நாட்கள் அடைபட்டுக் கிடந்த நுண்குழாய்களில் தொடங்கியிருக்கலாம்.

நமக்கு ஏன் இது

ஈழத்தில் வளர்ந்த என் வயதினர் மலேரியாவைப் பெரிதாக மதிப்பதில்லை. "எங்களுக்கு வராத மலேரியாவா" என்பார்கள். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் அந்நாட்டை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மகத்தான சாதனை. ஆனால் அதன் மறுபக்கம், அங்கும் புலம்பெயர் நாடுகளிலும் வளரும் இளையோரிடம் இந்த ஒட்டுண்ணிக்கு எதிரான பழக்கம் அறவே கிடையாது. சிறுவயதில் பலமுறை காய்ச்சல் கண்டவர்களின் எதிர்ப்புச் சக்தியும், மலேரியா இல்லாத நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்ததும் தேய்ந்துவிடுகிறது. அறுபது வேடக்காரனை மறந்துவிட்ட காவல்காரனின் நிலைதான் நமது நிலை.

ஆகவே ஆபிரிக்க நாடுகளுக்கோ மலேரியா உள்ள வேறு நாடுகளுக்கோ வேலையாகவோ சுற்றுலாவாகவோ போகிறவர்கள், போகுமுன் தடுப்பு மாத்திரை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். திரும்பி வந்த பின் காய்ச்சல் கண்டால், சாதாரணத் தடிமன் காய்ச்சல் என்று நாட்களைக் கடத்தாதீர்கள். எங்கே போய் வந்தீர்கள் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். குளிர்நாட்டு வைத்தியருக்கு மலேரியா முதலில் நினைவுக்கு வராமல் போகலாம். பயணத்தைப் பற்றிய ஒரு வரி படிவத்தில் இருந்தால்தான் உங்கள் குருதித் துளி எங்கள் நுண்நோக்கியின் கீழே வரும்.

ஆபிரிக்கக் குழந்தைகளுக்கோ தடுப்பூசி வந்திருக்கிறது. ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை 2021 ஒக்டோபரிலும், ஆர்21 தடுப்பூசியை 2023 ஒக்டோபரிலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இவை நுளம்பிலிருந்து வந்திறங்கும் ஒட்டுண்ணியை, அது ஈரலில் பெருகிச் செங்குழியங்களை அடையும் முன்னரே மறிக்க முயல்கின்றன. முழுமையான பாதுகாப்பை அவை தருவதில்லை. வலையும் மருந்தும் இன்னும் வேண்டும். ஆனால் மறிக்கப்பட்ட ஒவ்வொரு தொற்றும், மூளையின் குழாய்ச் சுவரில் நடக்காமற்போன ஒரு போர். இடிந்த சுவரைக் கட்டும் மருந்து கிடைக்கும் வரையில், போரை அந்தச் சுவர் வரைக்கும் வரவிடாமல் தடுப்பதே நம் கையில் உள்ள சிறந்த வழி.